குக்கர் ஹூட் வாங்குமுன்: காசைச் சத்தத்தில் போடாதீர்கள்



இந்த வாரம் குசினியில் அடுப்புக்கு மேலே மாட்டும் புகை உறிஞ்சியைப் பற்றிப் பார்ப்போம். கடைகளில் இதைக் குக்கர் ஹூட் என்றே சொல்லி விற்கிறார்கள். நாமும் சுருக்கமாக ஹூட் என்றே சொல்வோம். இது பெண்கள் பக்கத்துக்கு உரிய விடயம் என்று தாளைப் புரட்டிவிட வேண்டாம். இந்தப் பத்தியை வாசிப்பவர்களில் மூன்று வகையினருக்கு இது நேரடியாகத் தேவை. சாப்பாட்டுக் கடை, சிற்றுண்டிக் கடை நடத்துபவர் முதலாமவர். மின்சாதனப் பொருள் விற்பவர் இரண்டாமவர். மகளுக்கு வீடு கட்டிக்கொண்டிருக்கும் வாப்பா மூன்றாமவர். எங்கள் கிழக்கு மாகாணத்தில் இந்த மூன்றாவது வகையில் சேராத வியாபாரிகள் குறைவு.

நான் உன்னிச்சையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவன். ஹூட் விற்பதில்லை. ஹூட்டுக்குப் பிறகு வாங்கப்படும் குழாய், தகரம், ஆணி, இறப்பர் வாசர் ஆகியவை என்னிடம் உண்டு. ஹூட் வாங்கியவர் பெரும்பாலும் இரண்டு தடவை வருவார். முதல் தடவை, "மலிவான குழாய் ஏதாவது தாருங்கள்" என்பார். இரண்டாவது தடவை, "பெரிய சத்தமாக இருக்கிறது, என்ன செய்யலாம்?" என்பார். இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில் உள்ள தொடர்புதான் இன்றைய பாடம்.

புகை ஒரு செலவு

முதலில் புகையைக் கணக்கில் எடுப்போம். விறகு, மண்ணெண்ணெய் போன்றவற்றால் சமைக்கும் வீடுகளின் புகையால் 2020 ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. இலங்கையில் 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது நாலில் மூன்று பங்குக்கும் அதிகமான வீடுகள் விறகையே முக்கிய எரிபொருளாகக் கொண்டிருந்தன. அதன்பின் காஸ் அடுப்பு பரவியது. 2022 ஏப்ரலில் 12.5 கிலோ சிலிண்டரின் விலை கொழும்பில் 4,860 ரூபாவைத் தொட்டது. அந்த விலைக்கும் சிலிண்டர் கிடைக்காமல் வரிசையில் நின்றோம். காஸ் அடுப்பை மூடிவைத்து விட்டு விறகுக்குத் திரும்பிய வீடுகள் அப்போது ஏராளம். இரண்டு அடுப்பையும் கைவிடாமல் வைத்திருக்கும் பழக்கம் பல வீடுகளில் அதன்பின் நிலைத்துவிட்டது.

காஸ் அடுப்பில் புகையே இல்லை என்று நினைப்பதும் சரியல்ல. தாச்சியில் எண்ணெய் காயும்போதும், மிளகாய் தாளிக்கும்போதும், மீன் பொரிக்கும்போதும் எழும் ஆவியில் நுண்ணிய எண்ணெய்த் துளிகள் உண்டு. சுவரில் மஞ்சளாகப் படிவது அதுதான். சுவரில் படிவதை உம்மாமார் தேய்த்துக் கழுவுகிறார்கள். நெஞ்சுக்குள் படிவதை யார் கழுவுவது?

சாப்பாட்டுக் கடை முதலாளிக்கு இது இன்னும் நேரடியான செலவு. புகைக்குள் எட்டு மணி நேரம் நிற்கும் சமையற்காரர் அடிக்கடி லீவு எடுப்பார். நல்ல கைப்பக்குவம் உள்ளவர் வேறு கடைக்குப் போய்விடுவார். வாடிக்கையாளரின் கண் எரிந்தால் அவர் அடுத்த முறை பக்கத்துக் கடையில் பார்சல் கட்டுவார்.

ஓடாத இயந்திரம்

அப்படியானால் ஒரு ஹூட்டை வாங்கி மாட்டினால் சரிதானே என்று கேட்பீர்கள். மாட்டினால் போதாது. அது ஓட வேண்டும். பல வீடுகளில் அது ஓடுவதில்லை. காரணம் சத்தம்.

எங்கள் பகுதியில் ஒரு சகோதரி வீட்டிலிருந்தபடி சமோசா, ரோல்ஸ், கட்லட் செய்து கடைகளுக்குக் கொடுக்கிறார். ரமழானில் அஸருக்கு முன்பே நூற்றுக்கணக்கில் பொரித்து அனுப்ப வேண்டும். தவணைக் கட்டணத்தில் ஒரு ஹூட் வாங்கினார். பெட்டியில் பெரிய எண், முன்பக்கம் கறுப்புக் கண்ணாடி, தொட்டால் எரியும் விளக்கு. ஒரு மாதம் கழித்து அவருடைய வீட்டுக்குப் போனபோது ஹூட் நின்றிருந்தது. அதற்குக் கீழே அவர் வாயில் துணியைக் கட்டிக்கொண்டு பொரித்துக்கொண்டிருந்தார்.

"ஏன் தங்கச்சி, இதைப் போடவில்லையா?" என்றேன்.

"போட்டால் பிள்ளை எழும்பிருது காக்கா. கடைக்காரங்க கோல் எடுத்தாலும் ஒண்டும் கேக்காது. காசு கட்டுறதுக்குத்தான் அது தொங்குது" என்றார்.

இந்தக் கடைசி வசனத்தை வியாபாரிகள் மனதில் எழுதிக்கொள்ள வேண்டும். ஓடாத இயந்திரம் எவ்வளவு மலிவாக வாங்கினாலும் நட்டம்தான். சத்தம் என்பது சொகுசு விடயமல்ல. சத்தம் குறைந்தால்தான் ஹூட் ஓடும். ஹூட் ஓடினால்தான் புகை போகும்.

அந்த வீட்டில் பிறகு என்ன செய்தோம் என்பதைக் கீழே சொல்கிறேன். இயந்திரத்தை மாற்றவில்லை என்பதை மட்டும் இப்போதே சொல்லிவைக்கிறேன்.

பெட்டியில் உள்ள முதல் எண்: காற்றின் அளவு

ஹூட் பெட்டியில் 900, 1000, 1200 என்று ஓர் எண் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும். ஒரு மணி நேரத்தில் எத்தனை கன மீற்றர் காற்றை இழுக்கும் என்பது அது. சில பெட்டிகளில் சி.எஃப்.எம். என்று இருக்கும். அது ஒரு நிமிடத்துக்கு எத்தனை கன அடி என்பது. சி.எஃப்.எம். எண்ணை 1.7 ஆல் பெருக்கினால் கன மீற்றர் கணக்கு வரும்.

நமக்கு எவ்வளவு தேவை? பத்தடி நீளம், பத்தடி அகலம், ஒன்பதடி உயரம் உள்ள குசினியை எடுப்போம். அதற்குள் 900 கன அடி காற்று இருக்கிறது. மணிக்கு 15 தடவை அந்தக் காற்று மாற வேண்டும் என்று வைத்தால் 13,500 கன அடி. அறுபதால் வகுத்தால் நிமிடத்துக்கு 225 கன அடி. கன மீற்றரில் மணிக்குச் சுமார் 380. இரண்டு வாய் காஸ் அடுப்பு உள்ள வீட்டுக் குசினிக்கு இந்த அளவு போதுமானது. பொரியல் அதிகமான வீட்டுக்கு இதைவிடக் கொஞ்சம் கூட்டி வைக்கலாம்.

அப்படியானால் 1200 எதற்கு? அந்த எண் பெரும்பாலும் குழாய் எதுவும் பூட்டாமல், தடையே இல்லாத நிலையில், உச்ச வேகத்தில் அளந்தது. குழாய் பூட்டி இரண்டு வளைவும் கொடுத்தால் அந்த எண் கிடைக்காது. பெரிய எண்ணுக்காகக் கூடுதல் காசு கொடுத்தவர், அதை உச்ச வேகத்தில் ஓட்டினால்தான் அதில் பாதியாவது கிடைக்கும். உச்ச வேகத்தில்தான் சத்தமும் உச்சம்.

இரண்டாவது எண்: டெசிபெல்

சத்தத்தை டெசிபெல் என்னும் அளவில் சொல்வார்கள். நமது சாதாரண பேச்சு சுமார் 60 டெசிபெல். நல்ல குளிரூட்டிப் பெட்டியின் சத்தம் சுமார் 40. இந்த அளவு நமது தராசுக் கணக்குப் போல ஏறுவதில்லை. பத்து டெசிபெல் கூடினால் காதுக்குச் சத்தம் ஏறத்தாழ இரண்டு மடங்காகத் தெரியும். ஆகவே 58 உம் 68 உம் பெட்டியில் பக்கத்துப் பக்கத்து எண்கள் போலத் தோன்றினாலும், குசினியில் அவை வேறு வேறு உலகம்.

இங்கே இன்னொரு நுணுக்கம் உண்டு. சத்தத்தை இரண்டு விதமாக எழுதுவார்கள். இயந்திரம் மொத்தமாக வெளிவிடும் சத்தத்தின் அளவு ஒன்று. இதை ஒலித்திறன் என்பார்கள். ஒரு மீற்றர் தூரத்தில் நிற்பவரின் காதுக்கு வந்து சேரும் அளவு மற்றொன்று. இது ஒலி அழுத்தம். திறந்த வெளியில் சுவரில் மாட்டிய ஒரே இயந்திரத்துக்கு இந்த இரண்டுக்கும் சுமார் 8 டெசிபெல் வித்தியாசம் வரும். ஒரு பெட்டியில் 65, மற்றப் பெட்டியில் 57 என்று இருந்தால் இரண்டும் ஒரே அளவு சத்தம் போடும் இயந்திரங்களாகவும் இருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015 முதல் ஹூட்டுக்கான சக்தி லேபலில் சத்த அளவையும் அச்சிட வேண்டும். அங்கே அச்சிடுவது ஒலித்திறன். எந்த வேகத்தில் அளந்தது, எந்த முறையில் அளந்தது என்று எழுதாத பெட்டியின் டெசிபெல் எண்ணை நம்பி விலை பேச வேண்டாம்.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

நான்கு இடங்களிலிருந்து வருகிறது.

ஒன்று, விசிறியின் வேகம். விசிறியின் சுழற்சியை 20 வீதம் குறைத்தால் காற்றும் 20 வீதம்தான் குறையும். ஆனால் சத்தம் சுமார் 5 டெசிபெல் இறங்கும். கணக்குப்படி விசிறிக்குத் தேவையான சக்தி பாதியளவாகும். வேகத்தைப் பாதியாக்கினால் சத்தம் சுமார் 15 டெசிபெல் இறங்கும். எனவே சிறிய விசிறியை வேகமாக ஓட்டுவதைவிட, பெரிய விசிறியை மெதுவாக ஓட்டுவது அமைதி. ஹூட்டை அதன் நடு வேகத்துக்காக வாங்குங்கள், உச்ச வேகத்துக்காக வாங்காதீர்கள். நடு வேகத்தில் உங்கள் குசினிக்குத் தேவையான காற்று கிடைக்குமா என்பதே கேள்வி.

இரண்டு, குழாய். இதற்குத் தனியே வருவோம்.

மூன்று, அதிர்வு. சுவரில் நேராக முறுக்கிய ஹூட் சுவரையே பறை போல அடிக்கும். ஆணிக்கும் தகட்டுக்கும் இடையில் இறப்பர் வாசர் போட்டால் அந்த அதிர்வு தணியும். மிகச் சிறிய செலவு. மோட்டரின் பெயாரிங் தேய்ந்தாலும் அதிர்வு வரும்.

நான்கு, காற்று உள்ளே வர வழியில்லாமை. ஹூட் வெளியே தள்ளும் அளவு காற்று குசினிக்குள் வந்தாக வேண்டும். யன்னல், கதவு எல்லாம் அடைத்திருந்தால் விசிறி மூச்சுத் திணறும். விசில் போன்ற சத்தம் வரும், புகையும் போகாது. அடுப்புக்கு எதிர்ப்பக்க யன்னலை நான்கு விரல் அளவாவது திறந்து வையுங்கள். அடுப்புக்குப் பக்கத்து யன்னலைத் திறந்தால் காற்று குறுக்கே அடித்துப் புகையைக் கலைத்துவிடும்.

யானைக்குக் காசுண்டு, அங்குசத்துக்கு இல்லை

யானை வாங்கக் காசு இருந்ததாம், அங்குசம் வாங்கக் காசில்லையாம். ஹூட் வாங்கியவர்கள் குழாய் கேட்கும்போது எனக்கு இந்தப் பழமொழிதான் நினைவுக்கு வரும். குழாய் விற்பவன் குழாயைப் புகழ்கிறான் என்று எண்ண வேண்டாம். கணக்கைப் பாருங்கள்.

ஹூட்டின் வாய் ஆறு அங்குலம். வாங்குபவர் நான்கு அங்குலக் குழாயை இடைத்துண்டு வைத்துப் பூட்டுகிறார். இரண்டு அங்குலம்தானே குறைவு என்று தோன்றும். குழாயின் வாய்ப் பரப்பு 36 க்கு 16 என்ற விகிதத்தில் சுருங்கிவிடுகிறது, அதாவது பாதிக்கும் கீழே. அதே அளவு காற்று போக வேண்டுமானால் அது இரண்டேகால் மடங்கு வேகத்தில் ஓட வேண்டும். குழாயின் தடை ஏழு மடங்குக்கும் மேலே ஏறும். விசிறி அந்தத் தடையோடு மல்லுக்கட்டும் இரைச்சலைத்தான் நாம் இயந்திரக் கோளாறு என்று நினைக்கிறோம்.

சுருக்கி விரிக்கும் அலுமினியக் குழாய் மலிவு, பூட்டவும் இலகு. ஆனால் அதன் உட்பக்கம் படிக்கட்டுப் போல மடிப்பு மடிப்பாக இருக்கும். காற்று அதில் இடித்து இடித்துப் போகும், எண்ணெயும் அந்த மடிப்பில் தங்கும். பாவிக்கத்தான் வேண்டும் என்றால் முழுவதும் இழுத்து நீட்டி, இரண்டு மூன்று அடிக்குள் முடியுங்கள். மற்ற இடத்துக்கு உட்பக்கம் வழுவழுப்பான தகரக் குழாய் நல்லது. தகரம் மடிப்பவரிடம் சொன்னால் அளவுக்குச் செய்து தருவார். கடற்கரைப் பக்கம், காத்தான்குடி போன்ற ஊர்களில், உப்புக் காற்றுத் தகரத்தைச் சீக்கிரம் தின்னும். வெளியே நீட்டும் துண்டுக்காவது துருப்பிடிக்காத உருக்குத் தகடு போடுங்கள். பி.வி.சி. கழிவுநீர்க் குழாயை அடுப்புக்கு மேலே பூட்டுவது எனக்கு உடன்பாடில்லை. எண்ணெய்ப் பிசுக்கில் தீப்பிடித்தால் தகரம் தாங்கும், பி.வி.சி. எரியும்.

வளைவு குறைவாக இருக்க வேண்டும். ஒவ்வொரு முழங்கை வளைவும் குழாயைப் பல அடிகள் நீட்டியதற்குச் சமம். முகட்டுக்கு ஏற்றி, திருப்பி, மறுபடியும் திருப்பி விடுவதைவிட, அடுப்புக்குப் பின்னால் உள்ள சுவரையே துளைத்து நேராக வெளியே விடுவது சத்தத்துக்கும் பணத்துக்கும் நல்லது.

சமோசா செய்யும் சகோதரியின் வீட்டில் நாங்கள் செய்தது இவ்வளவுதான். நான்கு அங்குலச் சுருக்குக் குழாயைக் கழற்றி ஆறு அங்குலத் தகரக் குழாய் போட்டோம். மூன்று வளைவை ஒன்றாக்கினோம். ஆணிகளுக்கு இறப்பர் வாசர் வைத்தோம். எண்ணெய் அடைத்திருந்த வலையைச் சுடுநீரிலும் சவர்க்காரத்திலும் ஊறவைத்துக் கழுவினோம். அதன்பின் நடு வேகமே அவருக்குப் போதுமாக இருந்தது. ஹூட் ஓடிக்கொண்டிருக்கவே தொலைபேசியில் ஓடர் எடுக்கிறார். அவருக்கு ஹூட்டை விற்ற கடை இந்தக் குழாய் விடயத்தை அன்றே சொல்லியிருந்தால் ஒரு மாதப் புகை மிச்சம்.

மகளுக்கு வீடு கட்டும் வாப்பாமாருக்கு ஒரு வார்த்தை. சுவர் எழும்பும்போதே, அடுப்பு வரும் இடத்தைத் தீர்மானித்து, வெளிச்சுவரில் ஏழு அங்குல ஓட்டை ஒன்றும் பக்கத்தில் ஒரு பிளக் பொயின்டும் விடச் சொல்லுங்கள். மேசனுக்கு அது அரை மணி நேர வேலை. வீடு பூசி, டைல்ஸ் ஒட்டிய பிறகு துளைத்தால் கூலியும் போகும், டைல்ஸும் உடையும். ஹூட்டைப் பிறகு வசதி வந்தபோது வாங்கலாம்.

குழாயே வேண்டாத ஹூட்

கரி வடிகட்டி போட்டு, காற்றைச் சுத்தமாக்கித் திரும்பக் குசினிக்குள்ளேயே விடும் ஹூட்டும் உண்டு. குழாய்ச் செலவு இல்லை என்று விற்பார்கள். சூடும் ஈரமும் காஸ் எரிந்த காற்றும் அதனால் வெளியே போகாது. கரியைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பொரியலும் தாளிப்பும் நிறைந்த நமது சமையலுக்கு அது தோதானதல்ல. வெளிச்சுவரே இல்லாத மாடி வீட்டுக்கு மட்டும் யோசிக்கலாம்.

சாப்பாட்டுக் கடைக்கு வேறு கணக்கு

வீட்டு ஹூட்டைக் கடையில் மாட்டுவது வீண். அது நாளுக்கு ஒன்றிரண்டு மணி நேரம் ஓடுவதற்காகச் செய்யப்பட்டது. கடைக்கு மலிவான, சத்தம் குறைந்த வழி, கூடாரத்தையும் விசிறியையும் பிரிப்பது. அடுப்புக்கு மேலே, நான்கு பக்கமும் அடுப்பைவிட அரை அடி நீண்ட தகட்டுக் கூடாரம் ஒன்றைச் செய்வியுங்கள். அதற்குள் எண்ணெயை மறிக்கும் தகட்டு வடிகட்டியையும் எண்ணெய் வடியும் பீலியையும் வையுங்கள். விசிறியைக் குழாயின் மறுமுனையில், சுவருக்கு வெளியே பூட்டுங்கள். மோட்டர் சமையற்காரரின் காதுக்குப் பக்கத்தில் இல்லாமல் போவதே பாதி வெற்றி. சின்ன வீட்டுக் குசினிக்கும் இதே முறையைச் சிறிய அளவில் செய்யலாம். எண்ணெய் படிந்த குழாய் தீயை இழுக்கும். கழற்றிக் கழுவக்கூடிய விதமாகத் துண்டு துண்டாகப் பூட்டச் சொல்லுங்கள்.

ஆனால் உள்ளே போன சத்தம் வெளியே வரும். வெளியே அடுத்த வீட்டார் இருக்கிறார்கள். காத்தான்குடியில் சில ஒழுங்கைகளில் யன்னலால் கை நீட்டினால் அடுத்த வீட்டுச் சுவரைத் தொடலாம். தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1996 ஆம் ஆண்டு கொண்டுவரப்பட்ட ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் இதற்கு எல்லை போட்டிருக்கின்றன. பிரதேச சபைப் பகுதியில் பகலில் 55 டெசிபெல், இரவில் 45. மாநகர சபை, நகர சபைப் பகுதியில் பகலில் 63, இரவில் 50. அளப்பது உங்கள் காணியின் எல்லையில். எங்கள் உன்னிச்சை பிரதேச சபைப் பகுதி. காத்தான்குடியும் ஏறாவூரும் நகர சபைகள்.

இதில் பலர் கவனிக்காதது ஒன்று. விதியின்படி பகல் என்பது காலை ஆறு மணி முதல் மாலை ஆறு மணி வரை. நமது கொத்துக் கடைகள் சூடு பிடிப்பதே மாலை ஆறுக்குப் பிறகு. ஒரு மீற்றரில் 70 டெசிபெல் போடும் விசிறி, திறந்த வெளியில் இரண்டு மீற்றரில் 64, நான்கு மீற்றரில் 58, எட்டு மீற்றரில் 52. எட்டு மீற்றர் தள்ளியும் நகர சபையின் இரவு எல்லையைத் தாண்டுகிறது. விசிறியை எந்தச் சுவரில் பூட்டுவது, புகை வாயை எந்தப் பக்கம் திருப்புவது என்பதை அடுத்த வீட்டாரோடு பேசி முடிவெடுங்கள். பூட்டுமுன் பேசினால் அது ஒரு தேநீரோடு முடியும். பூட்டிய பின் பேசினால் பொலிஸ், சுகாதாரப் பரிசோதகர் என்று நீளும். கொத்துத் தகட்டின் சத்தத்துக்கு மட்டும் இந்தப் பத்தியில் மருந்து இல்லை.

விறகு அடுப்புக்குச் சத்தமில்லாத ஹூட்

எங்கள் படுவான்கரைப் பக்கம் பல கிராமங்களுக்கு மின்சாரம் பரவலாக வந்ததே யுத்தத்துக்குப் பிறகுதான். விறகு அடுப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது. விறகு அடுப்புக்கு மேலே மின்சார ஹூட்டை மாட்ட வேண்டாம். தீப்பொறியும் தார்ப் பிசுக்கும் வலையையும் மோட்டரையும் கெடுக்கும், எண்ணெய் படிந்த வலையில் தீயும் பிடிக்கலாம்.

அதற்குப் பழைய புகைக்கூடுதான் சரி. சூடான காற்று தானாக மேலே ஏறும். மோட்டர் இல்லை, சத்தம் இல்லை, மின்கட்டணம் இல்லை. 2022 மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு வந்தபோதும் நின்றுபோகாத ஹூட் அதுதான். கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து மூன்றடியாவது உயர வேண்டும். பத்தடிக்குள் இருக்கும் கூரை முகடு எதையும்விட இரண்டடி உயர்ந்திருக்க வேண்டும். உயரம் குறைந்தால் காற்று புகையைத் திரும்ப உள்ளே அமுக்கும். கிடுகுக் கூரைக்குப் பக்கத்தில் தீப்பொறி தடுக்கும் வலை அவசியம். 1980களிலிருந்து நமது நாட்டில் பரவிய அனகி என்னும் இரட்டை வாய் மண் அடுப்பு விறகைக் குறைக்கும். விறகு குறைந்தால் புகையும் குறையும். ஆனால் புகைக்கூடு அதனோடு சேர்ந்து வருவதில்லை. அதை நாம்தான் கட்ட வேண்டும்.

காசைப் பிரிக்கும் விதம்

கையில் உள்ள காசைப் பத்துப் பங்காக்குங்கள். ஆறு பங்குக்கு மேல் இயந்திரத்துக்குக் கொடுக்காதீர்கள். மூன்று பங்கு குழாய்க்கும் இறப்பருக்கும் வெளிமூடிக்கும். ஒரு பங்கு பூட்டும் கூலிக்கு. இது எனது அனுபவக் கணக்கு. ஆறு பங்குக்குள் அடங்காத ஹூட் உங்களுக்கு உரியதல்ல. கண்ணாடியையும் விளக்கையும் கைகாட்டினால் ஓடும் வசதியையும் விட்டுக்கொடுங்கள். அவை புகையை இழுப்பதில்லை.

கடையில் நிற்கும்போது இவற்றைப் பாருங்கள்:

1. கரண்ட் கொடுத்து ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள். நடு வேகத்தில் விட்டு, ஒரு மீற்றர் தள்ளி நின்று, விற்பவரோடு சாதாரண குரலில் பேசுங்கள். குரலை உயர்த்த வேண்டி வந்தால் அடுத்ததைப் பாருங்கள். கைத்தொலைபேசியில் சத்தம் அளக்கும் செயலிகள் உண்டு. அவற்றின் எண் மிகச் சரியாக இராது, ஆனால் இரண்டு ஹூட்களை ஒரே இடத்தில் ஒப்பிட உதவும்.

2. அகலம் அடுப்பைவிடக் குறையக் கூடாது. அடுப்பிலிருந்து 65 முதல் 75 சென்ரிமீற்றர் உயரத்தில் பூட்ட வேண்டும். உயரம் கூடினால் புகை பக்கத்தால் நழுவும். அதைப் பிடிக்க வேகத்தைக் கூட்டுவோம், சத்தமும் கூடும்.

3. குழாய் வாய் ஆறு அங்குலத்துக்குக் குறைந்ததை எடுக்க வேண்டாம்.

4. வலையைக் கையால் கழற்றிப் பாருங்கள். இலகுவாகக் கழற்ற முடியாததை எந்த வீட்டிலும் கழுவமாட்டார்கள். அடைத்த வலை சத்தத்தைக் கூட்டும்.

5. காந்தம் ஒட்டவில்லை, எனவே முதல் தரமான எவர்சில்வர் என்று சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். 304 என்னும் நல்ல உருக்கிலும் காந்தம் ஒட்டாது, 202 என்னும் மலிவான உருக்கிலும் ஒட்டாது. தர எண்ணைப் பற்றுச்சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

6. மோட்டரும் கப்பாசிட்டரும் தனியாக வாங்கக் கிடைக்குமா என்று கேளுங்கள். 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா அளவுக்கு ஏறி, இறக்குமதிக்கும் தடை வந்தபோது, உதிரிப்பாகம் இல்லாமல் எத்தனையோ நல்ல இயந்திரங்கள் மூலைக்குப் போயின. உறுமிக்கொண்டு சுழலாத மோட்டருக்குப் பல நேரங்களில் ஒரு சின்னக் கப்பாசிட்டர்தான் தேவை.

மின்கட்டணத்துக்குப் பயப்பட வேண்டாம். 200 வோட் ஹூட் நாளுக்கு இரண்டு மணி நேரம் ஓடினால் மாதம் 12 அலகு. கடையில் அரைக் குதிரைவலு விசிறி பத்து மணி நேரம் ஓடினால் மாதம் சுமார் 111 அலகு. அங்கேதான் பெரிய விசிறியை மெதுவாக ஓட்டும் கணக்கு உங்களுக்குக் காசாகத் திரும்பும்.

பூட்டிய பிறகு ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி அடுப்பின் நான்கு மூலையிலும் பிடியுங்கள். நடு வேகத்தில் புகை வளைந்து மேலே போனால் வேலை சரி. முன்பக்கத்தில் நழுவினால் பொரியலைப் பின்வாயில் வையுங்கள். சுவர்ப் பக்கத்து அடுப்பின் புகையை ஹூட் நன்றாகப் பிடிக்கும்.

விற்பவருக்கு

மின்சாதனக் கடை வைத்திருக்கும் சகோதரர்களே, ஹூட்டை மட்டும் விற்காதீர்கள். வாங்க வந்தவரிடம் குசினியின் நீள அகலத்தையும், வெளிச்சுவர் எந்தப் பக்கம் என்பதையும் கேளுங்கள். அவருக்கு 600 போதுமென்றால் 1200 ஐத் தலையில் கட்டாதீர்கள். ஆறு அங்குலக் குழாய், ஒரு வளைவு, வெளிமூடி, இறப்பர் வாசர் எல்லாம் சேர்த்து ஒரு பொதியாகக் கட்டி ஒரே விலை சொல்லுங்கள். பூட்டத் தெரிந்த ஒருவரை உங்கள் கடையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். பெரிய எண்ணைக் காட்டி விற்பதில் இலாபம் ஒரு தடவை வரும். பூட்டிய ஹூட் ஒவ்வொரு நாளும் ஓடும் வீட்டிலிருந்து ராத்தாவும் மச்சியும் மாமியும் உங்கள் கடைக்கு வருவார்கள். ஓடாமல் தொங்கும் ஹூட்டும் விளம்பரம்தான். அதைப் பார்ப்பவர்கள் யார் விற்றது என்று கேட்காமல் இருப்பதில்லை.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் ஹூட் இருந்தால் அது கடைசியாக எப்போது ஓடியது என்று குசினியில் நிற்பவரிடம் கேளுங்கள். சத்தத்தால் ஓடவில்லை என்று பதில் வந்தால், புதியது வாங்க ஓடாமல், அளவு நாடாவை எடுத்துக் குழாயின் வாயை அளவுங்கள். கோளாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.